சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

வருகைத் தாளில் பதினேழாம் எண்ணுக்கு நேராக "வ. கனிஷ்கா" என்று கையெழுத்துப் போட்டிருந்தது. நீல மை, கட்டத்துக்குள்ளேயே, அடித்தல் திருத்தல் இல்லாமல். ஆனாலும் அம்சவேணி டீச்சரின் கண் அங்கேயே நின்றுவிட்டது. அரையாண்டுத் தேர்வு, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, அறிவியல், மணி பத்து இருபது. பிள்ளைகள் முப்பத்தெட்டு பேரும் தலையைக் குனிந்து பொருத்துகவைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். வ என்றால் வசந்தாமணி, அந்தப் பெண்ணின் அம்மா. அச்சடித்து வந்த பட்டியலில் ச என்றல்லவா இருக்கிறது, ச. கனிஷ்கா, ச என்றால் சடையப்பன், அப்பா. அடடா, ஒரு திருத்தம் விட்டுப்போயிற்றே, காலையில் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் பட்டியலைப் போட்டு சரிபார்க்கச் சொன்னேனே, இந்த அம்மா பார்க்கவில்லையா என்று முதலில் வந்தது ஒரு சின்ன எரிச்சல்தான். போன மாதப் பட்டியலில் பதினேழு தப்பு என்று தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டியது இன்னும் ஆறாமல் கிடக்க, மறுபடியும் ஒன்றா என்ற எரிச்சல். அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்து தாளை நீட்டினாள். பதினெட்டாம் எண் கையெழுத்துப் போட்டது. பத்தொன்பது போட்டது. இருபதாம் எண் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், ச என்ற அந்த ஓரெழுத்துக்குப் பின்னால் இருந்த ஆள் அவள் மனசுக்குள் எழுந்து நின்றான். சடையப்பன். அப்பா பெயர், அப்பா தொழில், அப்பா கைபேசி எண். அந்த எண். வெள்ளிக்கிழமை மாலை குரூப்பில் சேர்த்த பதினொரு எண்களில் ஒன்று. டீச்சர், இங்கயா போடணும் என்று இருபதாம் எண் கேட்டது அவள் காதில் விழவே இல்லை.

இல்லை, இருக்காது. நிதானமாக யோசி. வெள்ளிக்கிழமை என்ன நடந்தது? வகுப்புக் குரூப்பில் பெற்றோர் நூறு சதவீதம் இருக்க வேண்டும், ஆதாரமாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மாலை ஐந்துக்குள், என்று உத்தரவு வந்தது. அவசரம் என்று மூன்று முறை எழுதியிருந்தது. அவசரம் இல்லாத உத்தரவு என்று இந்த ஆறு வருஷத்தில் ஒன்றாவது வந்திருக்கிறதா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். அரசாங்க இணையதளத்தில் இருந்த எண்களையும் குரூப்பில் இருந்த எண்களையும் ஒப்பிட்டு, விட்டுப்போனவை பதினொன்று என்று கண்டு, பதினொன்றையும் ஒட்டி, சேர், சேர், சேர் என்று தட்டினாள். யார் எண் என்று பார்த்தாளா? பார்க்கவில்லை. எண்தானே. ஒன்றில் மட்டும் படம் இருந்தது, எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்ட சரக்கு வண்டியின் முன்முகம். யாரோ டிரைவர் என்று நினைத்தாள், இந்த ஊரில் டிரைவருக்கா பஞ்சம். இன்று காலை ஒன்பது பத்துக்கு அதே குரூப்பில், பெற்றோர் கவனத்திற்கு, பட்டியலில் தங்கள் குழந்தையின் விவரம் சரிதானா என்று பார்த்துத் திருத்தம் இருந்தால் பத்து மணிக்குள் தெரிவிக்கவும், என்று எழுதி, பட்டியலை அப்படியே ஏற்றினாள். முப்பத்தெட்டு பிள்ளைகள். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, ஆதார், வீட்டு முகவரி, அம்மா எண், அப்பா எண், சாதி, வீட்டில் கழிப்பறை உண்டா இல்லையா. தலைப்பில் பள்ளியின் பெயர், தெருப் பெயரோடு. வேறு எப்படிச் சரிபார்ப்பது? முப்பத்தெட்டு வீட்டுக்கும் போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டால் பாடம் எப்போது நடத்துவது, ஒன்றுக்கு எப்போது போவது? எல்லா டீச்சரும் இப்படித்தான் செய்கிறார்கள். போட்ட உடனே நாலைந்து கட்டைவிரல்கூட வந்தது. அதைப் பார்த்துத் திருப்தியாக இருந்தது அவளுக்கு. இந்த முறை ஒரு தப்புகூட வராது என்று நினைத்தாள். அந்தத் திருப்தியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் கனிஷ்கா எழுதிக்கொண்டிருந்தாள். இடது கையால் விடைத்தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி. பின்னலில் ஒன்று அவிழ்ந்திருந்தது. ஜூன் மாதம் சேர்க்க வந்தபோது இதைவிட ஒரு பிடி ஒல்லியாக இருந்தாள். அம்மா வசந்தாமணி அப்போதுதான் ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், பக்கத்தில் வந்தாலே ஏலக்காய் மணந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருக்கிறோம், இங்கே சொந்தம் யாரும் இல்லை என்று மட்டும் சொன்னாள். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு அம்சவேணி கேள்வி கேட்கக் கேட்க, அப்பா பெயருக்கு வந்ததும் அந்த அம்மா நிறுத்தினாள். "அதை எழுதாம இருக்க முடியாதுங்களா டீச்சர்?" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. வலது கையை மடக்கிக் காட்டப் பார்த்தாள். அது பாதிக்கு மேல் மடங்கவில்லை. "போலீசுல எழுதிக் குடுத்தா ராசியாப் போங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நாங்க இங்க இருக்கறது தெரிஞ்சுதுன்னா ரெண்டு பேரையும் உசுரோட வெக்க மாட்டாருங்க." அழுது சொல்லவில்லை, அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். அதற்கு இவள் என்ன சொன்னாள்? சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் இப்போது ஞாபகம் வருகிறது. "அதெல்லாம் பத்திரமா இருக்கும்மா. கவர்மெண்ட் கம்ப்யூட்டர்ல போயி உங்க வீட்டுக்காரரா பாக்கப் போறாரு?" சிரிக்க வேறு செய்தாள். அந்த அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தாள். படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிப் போனாள்.

அப்படியொன்றும் அவள் முயற்சி செய்யாமல் விடவில்லை. அன்று மாலையே தளத்தில் ஏற்றும்போது அப்பா எண்ணைக் காலியாக விட்டுப் பார்த்தாள். அந்தக் கட்டத்தின் தலையில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. சிவப்பு நட்சத்திரம் என்றால் நிரப்பாமல் நகர முடியாது. பத்து பூஜ்யம் அடித்தாள், தள்ளிவிட்டது. பத்து ஒன்பது அடித்தாள், அதையும் தள்ளிவிட்டது. அப்பா செத்துப்போன பிள்ளைக்கு என்ன செய்வார்களோ, ஓடிப்போன அப்பனுக்கு என்ன செய்வார்களோ, அந்தக் கட்டத்தை வரைந்த மகராசனுக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது. அவன் வீட்டில் அப்பா இருந்திருப்பார், போனும் வைத்திருந்திருப்பார். மூன்றாவது முறை அடித்தபோது, பழைய பள்ளியில் பதிந்திருந்த எண்ணைத் தளம் தானாகவே கொண்டுவந்து நீட்டியது, இதுதானே, சரியா, என்று. மணி நாலு ஐம்பது, ஐந்து மணிப் பேருந்தை விட்டால் ஆறேகால். சரி என்று தட்டினாள். ஒரே ஒரு தட்டு. சேமிக்கப்பட்டது என்று பச்சையாக எழுத்து வந்தது. அந்தப் பச்சையைப் பார்த்து நிம்மதியாகப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிறகு அதை மறந்தே போனாள். மறக்கவில்லை, மறக்கும்படி வேலை வந்தது. ஏற்றிய விவரத்தையே இன்னொரு பிரிவு இன்னொரு படிவத்தில் கேட்டது, பிறகு உயரம், எடை, பிறகு வங்கிக் கணக்கு, பிறகு மறுபடி ரத்த வகை. இத்தனையையும் வாங்கி யார் என்ன செய்கிறார்கள்? நாலாம் பாடம் இன்னும் பாதி நடத்தவில்லை, அதிலிருந்துதான் ஐந்து மதிப்பெண் கேள்வி வந்திருக்கிறது, இதோ இந்தப் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு இவளைப் பார்க்கின்றன. பள்ளிக்கூடத்தின் கடவுச்சொல் வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் எழுதியிருக்கிறது, எல்லா டீச்சருக்கும் ஒன்றுதான், சத்துணவு அமைப்பாளருக்கும் தெரியும். இணையப் பாதுகாப்புப் பயிற்சி என்று இரண்டு மணி நேரக் காணொளி வந்தது, அதை ஓடவிட்டுவிட்டு இவள் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்தாள். சான்றிதழ் வந்தது. அதையும் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினாள்.

மின்விசிறி கிறீச் கிறீச்சென்றது. பார்த்திருப்பானா? தொழில் கட்டத்தில் சரக்கு வண்டி டிரைவர் என்று இருந்தது, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் காலை நேரம், லோடு ஏற்றுகிற நேரம், போனை எடுக்கவே நேரம் இருக்காது. எடுத்தாலும் குரூப்பில் வருவதையெல்லாம் யார் திறந்து பார்க்கிறார்கள்? அவளே அவளுடைய பையன் பள்ளிக் குரூப்பைத் திறப்பதில்லை. எண்ணை மாற்றியிருக்கலாம். இப்போது அந்த எண் வேறு யாரிடமோ இருக்கலாம், எலுமிச்சம்பழம் கட்டிய வண்டி எத்தனையோ பேரிடம் இருக்கிறது. இருக்கலாம், இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை சேர்த்த மற்ற பத்து பேரில் இரண்டு பேர் இது என்ன குரூப் என்று கேட்டார்கள், ஒருவர் உடனே வெளியேறினார். இந்த எண் கேட்கவும் இல்லை, வெளியேறவும் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். சம்பந்தமில்லாத ஆள் என்றால் பேசாமல் உட்கார்ந்திருப்பானா? காத்துக்கொண்டிருப்பவன்தான் அப்படி உட்கார்ந்திருப்பான். ஒட்டன்சத்திரத்திலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம்? பேருந்தில் மூன்று மணி நேரம், சொந்த வண்டி என்றால் இரண்டேகால். ஒன்பது பத்தும் இரண்டேகாலும் பதினொன்று இருபத்தைந்து. கூட்டல் தப்பாக இருக்கக் கூடாதா என்று மறுபடியும் கூட்டினாள். அதே பதினொன்று இருபத்தைந்து. சுவர்க் கடிகாரத்தில் இப்போது பத்து ஐம்பது. வீட்டுக்குப் போனால்? முகவரியும் இருக்கிறதே, கதவு எண்ணோடு இருக்கிறதே, அதை அவள்தானே தெருவும் சந்தும் பிழையில்லாமல் அடித்தாள். வசந்தாமணி இந்நேரம் கிட்டங்கியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனைத் தொடவிட மாட்டார்கள். தொடவிட்டாலும் அவளுக்குப் பட்டியலைத் திறக்கத் தெரியுமோ என்னவோ.

நீக்கிவிடலாம், போட்டதை எல்லோருக்கும் நீக்கலாம், அதற்கு வழி இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது. போன் வேண்டும். போன் தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குள் இருக்கிறது. போன வருஷம் எங்கேயோ கேள்வித்தாள் போனில் வெளியானதிலிருந்து, தேர்வு முடியும்வரை எல்லா டீச்சர் போனும் பீரோவுக்குள். கேள்வித்தாளுக்கு மட்டும் பீரோவும் சாவியும் உண்டு. எழுந்து போய்க் கேட்க வேண்டியதுதான். வகுப்பை யாரிடம் விடுவது? இரண்டு டீச்சர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருக்கிறார்கள், ஒருவர் பயிற்சிக்கு. முன்வரிசைப் பிள்ளை யாரையாவது அனுப்பலாம். அனுப்பி என்ன சொல்லச் சொல்வது? சார், டீச்சர் போன் வேணுமாம். எதற்காம்? தலைமையாசிரியர் சௌந்தரபாண்டியன் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். பட்டியலைக் குரூப்பில் போட்டீர்களா என்பார், யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்பார். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பட்டியலை அனுப்பு அனுப்பு என்று அரித்தவர்கள் எல்லோரும் அப்போது அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தனிப்பட்ட விவரத்தைப் பகிரக் கூடாது என்று தெளிவாகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறோமே என்பார்கள். அனுப்பியிருப்பார்கள். எழுபது சுற்றறிக்கைக்கு நடுவே அதுவும் ஒன்றாக வந்திருக்கும். ஆசிரியையின் அலட்சியம் என்று செய்தியில் போடுவார்கள். தேர்வு நிலைச் சம்பள உயர்வுக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது. சீ, இப்போதா அதை நினைப்பது? ஒரு பெண்ணுக்குக் கை மடங்கவில்லை, நீ தேர்வு நிலையை நினைக்கிறாய். தன்னைத் தானே அறைய வேண்டும் போல இருந்தது. எழுந்தாள். நாலடி வைத்தாள். டீச்சர், அஞ்சாவது கேள்வியில படம் போடணுமா என்று யாரோ கேட்டார்கள். போடு என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம். சகாயமேரி பதினொரு மணிக்குத் தண்ணீர் கொண்டுவருவாள், அவளிடம் சொல்லி அனுப்பலாம், கமுக்கமாக. பதினொன்று ஆனது. சகாயமேரி வரவில்லை. பதினொன்று பத்து. அவன் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருப்பான். கனிஷ்கா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள், எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த சிரிப்பு. அம்சவேணியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். ரோட்டில் ஒரு சரக்கு வண்டி ஹாரன் அடித்துப் போனது, எழுந்து எட்டிப் பார்த்தாள். வாழைத்தார் ஏற்றிய வண்டி. வேறு வண்டி. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வண்டியையும் எண்ண ஆரம்பித்தாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு சகாயமேரி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் தோன்றினாள். அலுவலக உதவியாளர், எதையும் மெதுவாகச் செய்கிறவள், நல்லவள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

"டீச்சர், கனிஷ்கான்னு ஒரு பிள்ள உங்க கிளாஸ்தான? அவுக அப்பா ஆபீசுக்கு போன் பண்ணாரு."

எப்போ என்றாள் அம்சவேணி.

"ஒரு அரை மணி நேரம் இருக்கும். எச்செம் சார்தான் பேசுனாரு. பிள்ள இன்னைக்கு வந்திருக்கான்னு கேட்டாராம். சார் ஆப்ல பாத்து, வந்திருக்கு, பரீட்ச எழுதுதுன்னாரு. எத்தன மணிக்கு முடியும்னு கேட்டாரு, பன்னெண்டரைன்னு சொல்லிட்டாரு. ரொம்ப மரியாதையாப் பேசுனாராம். வழியில வந்துக்கிட்டு இருக்காராம், கூட்டிட்டுப் போறதுக்கு."

"சகாயம், சார் எங்க?"

"மீட்டிங்குன்னு இப்பத்தான் வண்டிய எடுத்துட்டுப் போறாரு. பீரோ சாவியும் அவருகிட்டத்தான்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அது அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. பிறகு எல்லாம் ஓடின. இவ்வளவு நேரம் பயந்ததற்கெல்லாம் இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்பது போல வாய் தானாகப் பேசியது. "உம் போனக் குடு. கேட்டப் பூட்டு. யார் வந்து என்ன சொன்னாலும் தொறக்காத. அந்தாளு ஆகாது, சகாயம். அந்தப் பிள்ளையோட அம்மா கையை ஒடச்ச ஆளு அவன். நான்தான் அட்ரஸக் குடுத்தேன். தெரியாம குடுத்துட்டேன். நான்தான்." சகாயமேரி இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள், ஒரு கேள்வி கேட்கவில்லை, அவ்வளவு வேகமாக அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. முப்பத்தெட்டு தலைகளும் நிமிர்ந்திருந்தன. எழுதுங்க என்றாள் அம்சவேணி. யாரும் எழுதவில்லை. போலீசுக்கு நூறை அழைக்க வேண்டும், அதற்கு முன்னால் அம்மாவை அழைக்க வேண்டும், அவள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது. எண் தெரியவில்லை, எண் இருக்கும் பட்டியல் பீரோவுக்குள் பூட்டிய போனில். ஆறு மாதத்தில் அந்த எண்ணை எட்டு படிவத்தில் அடித்திருக்கிறாள், ஓர் இலக்கம்கூட நினைவில் இல்லை. மூன்றாவது பெஞ்சுக்குப் போய் கனிஷ்காவின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. முகத்தில் ரத்தமே இல்லை. பேனாவை மட்டும் இறுகப் பிடித்திருந்தது.

"பாப்பா, அம்மா போன் நம்பர் சொல்லு. சீக்கிரம்."

கனிஷ்கா விடைத்தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"உனக்குத் தெரியுமில்ல? மனப்பாடமாத் தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லும்மா. டீச்சர்தான் கேக்கறேன்."

"சொல்லக் கூடாதுங்க டீச்சர்," என்றாள் அந்தப் பெண், தெளிவாக. "யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்குதுங்க. டீச்சர் கேட்டாலும்."